செவலைக் கடா: மயிரை விட்டுட்டு இமையைப் பாத்த கதை

மூண்டு வருசமாச் செம்மறி வளக்கிறன், தொழில் எண்டு சொல்லேலாது, பின்னேரம் தோட்டத்தால வந்து பட்டி அடைக்க முன்னம் ஒரு மணித்தியாலம் அதுகளோட மினக்கெடுறது தான். இடம் மாங்குளம் பக்கம். இப்ப 14 மறி (பெட்டை ஆடு), ஒரு கடா.

முதல் வருசம் கடா தெரிஞ்சதிலயே பிழை விட்டிட்டன். எங்கட ஊர்ச் செம்மறிக்கு மயிர் தான், கம்பளி இல்லை. யூடியூப்பில மெரினோ எண்ட கம்பளிச் செம்மறியைப் பாத்திட்டு மகளுக்கு நூல் நூக்கலாம் எண்ட ஆசையில கம்பளி விழுந்த கலப்புக் கடா ஒண்டை வாங்கினன். நல்ல மெரினோக் கம்பளி இழையின்ர தடிப்பு 20 மைக்ரோனுக்கும் கீழ (மைக்ரோன் எண்டா மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒண்டு). என்ர கடாவைக் கத்தரிச்சா கழுத்தில ஒரு மாதிரி, தொடையில வேற மாதிரி, இடைக்கிட வெள்ளை நார் போல முரட்டு மயிர், அது சாயமும் வடிவாப் பிடிக்காது. மகள் ரெண்டு நாள் சிக்கெடுத்திட்டு "அப்பா, உது சாக்குக்குத் தான் சரி" எண்டிட்டாள்.

அதோட போயிருந்தாப் பரவாயில்லை. கார்த்திகை மழையில அந்தக் கடான்ர குட்டியளுக்கு வால்ப்பக்கக் கம்பளி நனைஞ்சு, கழிச்சல் ஒட்டி, ஈ முட்டை போட்டு, நான் காணேக்க புழு தோலுக்குள்ள. மூண்டு குட்டி போச்சுது. அவுஸ்திரேலியாவில மெரினோவுக்கும் உதே கரைச்சலாம், அதால தோல் சுருக்கம் குறைஞ்ச, பின்பக்கம் வெறுமையான கடாவாத் தெரிஞ்செடுக்கினம் எண்டு பிறகு தான் வாசிச்சன். வேல்ஸில ஈசிகேர் எண்டு ஒரு இனமே உருவாக்கியிருக்கினம், வில்ட்ஷயர் ஹோர்ன் எண்ட கம்பளி உதிர்க்கிற செம்மறி கலந்தது, கம்பளி தானா உதிரும், கத்தரிக்கத் தேவையில்லை. எங்கட ஊர்ச் செம்மறி இதைச் சும்மா செய்துகொண்டு நிண்டது, நான் தான் காசு குடுத்துக் குழப்பினனான்.

கடாவை வித்திட்டு ஊர்க்கடா ஒண்டை இரவல் எடுத்து விட்டதில ரெண்டு கடாக்குட்டி மிச்சம் வச்சன். ஒண்டு வெள்ளை, ஒத்தையாப் பிறந்தது, தாய்ப்பால் முழுக்க அதுக்கு, பாக்கிற ஆக்களெல்லாம் உதைத் தான் விடு எண்டினம். மற்றது செவலை, ரெட்டையில ஒண்டு, மெலிவு. நான் நிறையை விட்டிட்டு மாரி முழுக்கக் கீழ் இமையை இழுத்துப் பாத்தன். உள்ள சிவப்பா இருக்கோணும், வெளிறினா வயித்துக்குள்ள இரத்தம் குடிக்கிற புழு. இதுக்கெண்டே தென்னாபிரிக்காவில ஃபமாச்சா எண்டு 1 தொடக்கம் 5 வரை நிற அட்டை செய்தவை, 5 எண்டா வெள்ளை வெளேர். என்னட்ட அட்டை இல்லை, நல்ல ஆடொண்டைப் பக்கத்தில பிடிச்சு ஒப்பிடுறது தான். வெள்ளை மார்கழிக்குள்ள ரெண்டு தரம் பூச்சிமருந்து குடிச்சும் தாடைக்குக் கீழ நீர் இறங்கீட்டுது. செவலைக்கு ஒருக்காலும் குடுக்கேல்ல, சேத்தில குளம்பும் அழுகேல்ல. வெள்ளை சித்திரை வருசத்துக்கு இறைச்சிக்குப் போட்டுது.

இந்த ஆவணிக் கடைசியில செவலையை மறியளோட விட்டன். காவியை நல்லெண்ணெயில குழைச்சு நெஞ்சில பூசினா, ஏறின மறியின்ர முதுகில அடையாளம் விழும். சினை நிக்காட்டி 17 நாளளவில திரும்பப் பருவத்துக்கு வரும், அதால பிறகு நீலம் மாத்தினன். (மனுசி எண்ணெய்ப் போத்தலைத் தேடித் திரிஞ்சது வேற கதை.) 12 மறியில சிவப்பு, அதில ஒண்டில தான் மேல நீலமும் விழுந்தது. மாசியில குட்டி.

செவலையின்ர பெட்டைக்குட்டியள் பருவத்துக்கு வர முன்னம் கடா மாத்தோணும். பக்கத்து வளவு அண்ணை தன்ர கறுப்பைத் தாறன், செவலையைத் தா எண்டு நிக்கிறார். வடிவான ஆடு தான். இமையைக் காட்டுங்கோ அண்ணை எண்டன், "மாட்டைப் பல்லுப் பிடிச்சுப் பாக்கிற மாதிரி என்ன உது" எண்டு கோவிச்சுக்கொண்டு போட்டார். மாரி இறங்கட்டும், ஒரு மாசம் கழிச்சு அவற்ற பட்டிப் பக்கம் போய்த் திரும்பக் கேப்பம்.