ஏப்ரல் 15 வரை

மார்ச் 27
மெயில் வந்துவிட்டது. அமெரிக்காவின் சப்பல் ஹில், மனதை அளக்கிற கணக்கில் (சைக்கோமெற்றிக்ஸ்) முனைவர் படிப்பு, ஐந்து வருடம், உதவித்தொகையோடு. ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 28
சொன்னேன். "சைக்காலஜி எண்டா விசர் பாக்கிற படிப்பு. அதுக்குள்ள கணக்கு எங்க வந்தது?" அப்பா. காய்ச்சலுக்குத் தேமாமீற்றர் இருக்கிறது, கவலைக்கு ஒன்று செய்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கிற படிப்பு என்றேன். அம்மா நிமிராமலே கேட்டா: "மறுகா வேலை?"

மார்ச் 31
நாவலடி ஆச்சி. மனச்சோர்வை அளக்கிற பிஎச்கியூ-9 கேள்வித்தாளோடு போன நாள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. மூன்றாவது, நித்திரை. கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் என்று வாசித்தேன். "ராவைக்குக் கடல் இரையுது புள்ள, எங்க நித்திரை? 2004ல இருந்து எண்ணவா, ரெண்டு கிழமைதானா?" நான் 3க்கு வட்டம் போட்டேன். அவ எனக்குத் தேத்தண்ணி ஊத்தினா. சோதனைக்குக் கண்விழிக்கிற பெடியனும் அதே 3தான்.

ஏப்ரல் 2
சப்பல் ஹில்லில் இருப்பது, மனதை அளக்கிற கணக்கின் முன்னோடி தேர்ஸ்டனின் ஆய்வகம். சிக்காகோவிலிருந்து 1952இல் அங்கே போய் அவரே தொடங்கியது. அந்த வழியில், நித்திரையின்மை, களைப்பு, பசியின்மை எல்லாவற்றுக்கும் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று கிடக்கிறது; கேள்விகள் அதைத் தொட்டுப் பார்க்கின்றன. எனக்குள்ள மற்றத் தெரிவு ஆம்ஸ்டர்டாம். அங்கே போர்ஸ்பூம் என்ற ஆய்வாளரின் கூட்டம் தலைகீழ்: அடியில் ஒன்று இருக்கத் தேவையில்லை. நித்திரை கெட்டால் களைப்பு, களைத்தால் வேலை கெடும், வேலை கெட்டால் மனம் விழும். வலைக்கண் மாதிரி ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். ஆச்சியை நினைத்தால் அந்த வலையின் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் ஒரே கேள்வி இரண்டு கூட்டத்தாரிடம் ஒரே மாதிரி அளக்கிறதா என்று சோதிக்கிற கணக்கில் சப்பல் ஹில் பலமான இடம். எனக்கு வேண்டியதும் அதுதானே, அந்த 3.

ஏப்ரல் 4
அம்மாவுக்கு சுகர் 240.

ஏப்ரல் 6
ஆம்ஸ்டர்டாம் இரண்டு வருட முதுகலை. கட்டணம் நாங்கள்தான் கட்ட வேண்டும், ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து போனால் அது இன்னும் அதிகம். வளவை ஈடு வைக்கலாம் என்கிறார் அப்பா. சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 9
கல்லடிப் பாலத்தடியில் தோணி. துடுப்பின் ஒரு முனை தண்ணீரில், மறுமுனை காதில். ஏதோ முனகுகிறது. தோணிக்காரர் மீன் என்கிறார், தம்பி ஊரி என்கிறான். தேர்ஸ்டன் கட்சியும் போர்ஸ்பூம் கட்சியும் ஒரே தோணியில்! சிரித்ததற்குக் காரணம் கேட்டான், சொன்னால் விளங்காது.

ஏப்ரல் 11
சுகர் 190. சோறு குறைத்திருக்கிறாவாம். பொய்.

ஏப்ரல் 14
மருத்துநீர் வைத்துக் குளித்தோம். கைவிசேஷம் தரும்போது அப்பா, "ஐந்து வருசமா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேனா, தெரியவில்லை.

ஏப்ரல் 15
இரவு 11.40. சப்பல் ஹில்லில் பகல் 2.10தான். அம்மா முழித்துத்தான் இருக்கிறா, இருமல் கேட்கிறது. இரண்டு கிழமையில் எத்தனை