அம்மாவும் நடாலின் பாட்டில்களும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் அம்மா நடால் கட்சி, நான் ஃபெடரர் கட்சி.

அம்மாவுக்கு நடாலைப் பிடித்துப்போனது ஆட்டத்துக்காக இல்லை, பாட்டிலுக்காக. ஒவ்வொரு இடைவேளையிலும் ஒரு வாய் குடித்துவிட்டு, இரண்டு பாட்டிலையும் நாற்காலிக்கு முன்னால் லேபிள் மைதானத்தைப் பார்க்கிற மாதிரி வைப்பாரே, அதற்காக. "எடுத்த பொருளை எடுத்த இடத்துல வைக்கிற புள்ள" என்று எனக்கும் சேர்த்து ஒரு குத்து. அம்மாவின் ஊறுகாய் ஜாடி வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நான்? ஜெயித்த ஃபெடரரை ரசித்தேன், அவ்வளவுதான். மனதில் ஒட்டிக்கொண்டது 2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியில். ஐந்தாவது செட், 8-7, 40-15, தன் சர்வீஸ். இரண்டு மேட்ச் பாயிண்ட், அதாவது இரண்டில் ஒரு புள்ளியை எடுத்தால் கோப்பை கையில். இரண்டும் போச்சு. 4 மணி 57 நிமிடம் ஆடி ஜோகோவிச்சிடம் தோற்றார். எண்ணிப் பார்த்தால் மொத்தப் புள்ளிகள் அவருக்குத்தான் அதிகம், 218-க்கு 204. (அதே ராத்திரி உலகக் கோப்பை கிரிக்கெட் ஃபைனல் வேறு. தெருவே அதில் கிடந்தது.) கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போனவர்கள்மேல் எனக்கு ஒரு பாசம். அரசுத் தேர்வில் ஒரு மார்க்கில் கோட்டை விட்டவன் வேறு எப்படி இருப்பான்?

2022-இல் லேவர் கோப்பை என்ற அணிப் போட்டியோடு ஃபெடரர் ஆட்டத்திலிருந்து விடைபெற்றபோது, பக்கத்தில் உட்கார்ந்து நடாலும் அழுதார். அன்றைக்கு வீட்டில் கட்சிச் சண்டை இல்லை.

இப்போது அல்கராஸ் காலம். "ஆட்டம் நல்லாத்தான்டா இருக்கு. பாட்டிலை எப்படிப் போட்டிருக்கான் பாரு" என்கிறார் அம்மா.