கடைக் கணினிக்கு ஒரு ஐகான் பலகை

கீழக்கரையில் காக்கா (அண்ணன்) ஒருவர் நடத்துகிற ஜெராக்ஸ் கடையில் ஒரே கணினியை ஆள் மாற்றி ஆள் தொடுகிறார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பம், விமான டிக்கெட், ஏர்வாடிப் பக்கத்திலிருந்து மீனவர் நலவாரியப் படிவத்தோடு வருகிறவர்கள், இதற்கு நடுவில் போட்டோ பிரிண்ட். டெஸ்க்டாப் முழுக்க ஷார்ட்கட்டும் பிடிஎஃப்பும் குவிந்து கிடக்கும், எது எங்கே இருக்கிறது என்று காக்காவுக்கே தெரியாது. கல்லாவில் உட்காரும் ராத்தா (அக்கா) ஆங்கிலப் பெயரைப் படிப்பதே இல்லை. "தம்பி, பச்சையா ஒரு பொட்டி இருக்கும்ல, அதுதான் கணக்கு. பேரெல்லாம் என்கிட்ட கேக்காதிய" என்றார். அவர் சொல்வது எக்ஸெலை. சரி, பெரிய ஐகான், அதற்குக் கீழே தமிழில் பெயர், இரண்டு தட்டு தட்டினால் திறக்கணும், இவ்வளவுதான் தேவை என்று முடிவு செய்து ஆட்டோஹாட்கீயில் உட்கார்ந்தேன்.

ஆட்டோஹாட்கீ 2003இலிருந்து இருக்கிற இலவச ஸ்கிரிப்ட் மொழி, விண்டோஸுக்கு மட்டும். நான் எழுதியது 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக அதற்கே போய்விடுங்கள். பழைய பதிப்பில் ஸ்கிரிப்டை யூடிஎஃப்-8 பாம் (BOM, கோப்பின் தொடக்கத்தில் வரும் எழுத்துக் குறியாக்க அடையாளம்) வைத்துச் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் உடைந்து வரும், புதியதில் அந்தத் தொல்லை இல்லை.

எளிய வழி ஒன்று இருக்கிறது, முதலில் அதையே சொல்கிறேன். ஜன்னலில் ஒரு பிக்சர் கன்ட்ரோல் (படம் காட்டும் கட்டம்) போட்டு, படத்துக்குப் பதில் ப்ரோகிராமின் இஎக்ஸ்இ கோப்பின் பாதையைக் கொடுத்து, 'ஐகான்1' என்று சேர்த்தால் அந்தக் கோப்புக்குள் இருக்கும் முதல் ஐகான் வந்துவிடும். எண் 1இலிருந்து தொடங்கும். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஐகான் பாதையை அடுத்து, கமாவுக்குப் பின்னால் வரும் எண் 0இலிருந்து தொடங்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது நாலைந்து இஎக்ஸ்இ மட்டும்தான் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், மீதியைப் படிக்கவே தேவையில்லை.

ஆனால் கடையில் இருந்ததில் பாதி இஎக்ஸ்இ இல்லை. எக்ஸெல் கணக்குக் கோப்பு, பிடிஎஃப் படிவம், ஃபோல்டர், இணையதள ஷார்ட்கட். ஒரு எக்ஸெல் கோப்புக்குள் ஐகான் என்று எதுவும் கிடையாது, அந்த வகைக் கோப்புக்கு எதைக் காட்டணும் என்பது விண்டோஸுக்குத்தான் தெரியும். அதனால் கோப்பைத் தோண்டுவதை விட்டுவிட்டு விண்டோஸிடமே கேட்பதுதான் சரியான வழி. அதற்கு விண்டோஸோடு வரும் ஃபங்ஷன் தொகுப்பான ஷெல்32.டிஎல்எல்லில் எஸ்எச்கெட்ஃபைல்இன்ஃபோ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. இப்படிப்பட்ட வெளி ஃபங்ஷனைக் கூப்பிட ஆட்டோஹாட்கீயில் இருக்கும் டிஎல்எல்கால் வழியாக அதைக் கூப்பிடலாம்.

அது பதிலை எழுதி வைக்க ஒரு பஃபர் (காலி நினைவக இடம்) கொடுக்கணும். 64 பிட் ஆட்டோஹாட்கீயில் 696 பைட், 32 பிட்டில் 692. அதில் முதலில் ஐகான் ஹேண்டில் (ஐகானைக் குறிக்க விண்டோஸ் தரும் அடையாள எண்), அடுத்து ஐகான் எண், அப்புறம் பண்பு, காட்டும் பெயர், வகைப் பெயர். இதில் காட்டும் பெயரும் வகைப் பெயரும் மட்டுமே 680 பைட். கடைசியில் என்ன வேண்டும் என்று சொல்லும் ஒரு கொடி எண்ணும் கொடுக்கணும். 256 என்றால் பெரிய ஐகான், 257 என்றால் சின்னது.

இந்த வழியில் கையில் வரும் ஹேண்டில் நம் பொறுப்பு. ஐகான்களை அடுக்கி வைக்கும் இமேஜ்லிஸ்டில் சேர்த்த உடனே டெஸ்ட்ராய்ஐகான் ஃபங்ஷனைக் கூப்பிட்டு விட்டுவிடணும். இல்லாவிட்டால் என்ன என்று தோன்றும், ஏனென்றால் முதல் நாள் எதுவும் தெரியாது. காலையில் திறந்து இரவு இஷா தொழுகைக்கு அப்புறமும் ஓடுகிற கணினியில், பட்டியலை அடிக்கடி புதுப்பிக்கிற ஸ்கிரிப்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஹேண்டிலைச் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு ப்ரோகிராமுக்கு விண்டோஸ் வழக்கமாக வைத்திருக்கும் உச்சவரம்பு 10,000. அதைத் தொட்டால் ஐகான் மட்டும் இல்லை, ஜன்னலே ஒழுங்காக வராது.

இதில் எனக்குப் பிடிக்காத இரண்டு விஷயம். அளவு 32 பிக்ஸல்தான், ராத்தாவுக்கு அது போதாது. இன்னொன்று, ஷார்ட்கட்டைக் கொடுத்தால் மூலையில் அந்த வளைந்த அம்புக்குறியும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டுக்கும் ஒரே மருந்து, ஹேண்டில் கேட்காமல் ஐகான் எண்ணை மட்டும் கேட்பது. கொடி 16384. விண்டோஸ் தான் காட்டுகிற ஐகான்களைப் பல அளவில் பட்டியலாக வைத்திருக்கிறது, அந்தப் பட்டியலில் நம் கோப்பின் ஐகான் எத்தனையாவது என்று இது சொல்லும். பட்டியலை வாங்க எஸ்எச்கெட்இமேஜ்லிஸ்ட் என்ற ஃபங்ஷன். 2 என்று கேட்டால் 48 பிக்ஸல், 4 என்றால் 256. ஆசைப்பட்டு 256க்குப் போகாதீர்கள். பழைய ப்ரோகிராம்களில் அவ்வளவு பெரிய படம் இருக்காது, பெரிய வெற்றுக் கட்டத்தின் இடது மூலையில் குட்டியாக ஒன்று உட்கார்ந்திருக்கும். 48தான் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

அந்தப் பட்டியலை அப்படியே, ஐகானையும் பெயரையும் வரிசையாகக் காட்டும் லிஸ்ட்வியூவில் மாட்டிவிடலாம், ஒவ்வொரு ஐகானாக நகல் எடுக்க வேண்டியதே இல்லை. எண்ணோடு 1 கூட்டிக் கொடுத்தால் போதும், ஏனென்றால் விண்டோஸ் 0இலிருந்து எண்ணுகிறது, ஆட்டோஹாட்கீ 1இலிருந்து. ஒன்றே ஒன்று: லிஸ்ட்வியூ மூடும்போது தன்னிடம் இருக்கும் பட்டியலையும் சேர்த்து அழித்துவிட்டுப் போகிற பழக்கம் உடையது. இந்தப் பட்டியலோ ஊர்ப் பொதுச் சட்டி மாதிரி, எடுத்துச் சமைக்கலாம், பழைய இரும்புக் கடையில் போட முடியாது. அதனால் லிஸ்ட்வியூவை உருவாக்கும்போதே 64 என்ற ஸ்டைல் எண்ணைச் சேர்த்துவிடுங்கள், அழிக்காமல் விட்டுவிடும். அதே மாதிரி ஐகான் எண்ணைக் கோப்பில் சேமித்து வைக்காதீர்கள். அது அந்த ஓட்டத்துக்கு மட்டும் செல்லும், அடுத்த முறை திறக்கும்போது வேறாக இருக்கலாம்.

எல்லாம் வந்தபின், திரையைப் படம்பிடிக்கும் ஸ்னிப்பிங் டூலுக்கு மட்டும் ஐகான் வரவில்லை. பாதை சரி, எக்ஸ்ப்ளோரரில் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஸ்கிரிப்ட் மட்டும் இல்லை என்கிறது. இதற்குத்தான் நிறைய நேரம் போனது. கடைக் கணினி 64 பிட் விண்டோஸ் 10, ஆனால் அதில் ஓடியது 32 பிட் ஆட்டோஹாட்கீ. 32 பிட் ப்ரோகிராம், விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரைக் கேட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64 ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். நோட்பேட் இரண்டு இடத்திலும் இருப்பதால் தப்பித்தது, ஸ்னிப்பிங் டூல் அங்கே இல்லை. 64 பிட் ஆட்டோஹாட்கீயில் ஓட்டியதும் வந்துவிட்டது. 32தான் வேண்டும் என்பவர்கள் சிஸ்டம்32 என்ற இடத்தில் சிஸ்நேட்டிவ் என்று போட்டுப் பாருங்கள்.

இன்னொரு தொல்லை கரண்ட் போனால் வருவது. போட்டோ ஃபோல்டர் உள்ளறைக் கணினியில் இருக்கிறது, அதற்கு யூபிஎஸ் கிடையாது. அது அணைந்திருக்கும்போது பலகையைத் திறந்தால் நெட்வொர்க் பாதைக்குப் பதில் வரும்வரை ஜன்னல் உறைந்து நிற்கும், வாடிக்கையாளர் முன்னால் காக்கா என்னை முறைப்பார். எனவே நெட்வொர்க்கில் இருப்பவற்றுக்கு மட்டும் கொடியில் இன்னொரு 16ஐச் சேர்த்து 16400 ஆக்கினேன், பண்பு எண் 128 (சாதாரணக் கோப்பு). அப்போது கோப்பைத் தொடாமலேயே அதன் பெயரின் கடைசி எழுத்துகளை வைத்து வகை ஐகானைத் தந்துவிடும். ஃபோல்டருக்கு 128க்குப் பதில் 16. இஎக்ஸ்இக்கு இந்த வழி வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே பொது ஐகான்தான் வரும்.

பெயர்களுக்கு நிர்மலா யூஐ எழுத்துரு வைத்தேன். ஐகான் காட்சியில் பெயர் இரண்டு வரிக்கு மேல் போனால் வெட்டிப் புள்ளி வைத்துவிடும், 'கடவுச்சீட்டு விண்ணப்பப் படிவம்' என்றெல்லாம் எழுதினால் நிற்காது, 'பாஸ்போர்ட்' போதும். கோப்பின் பாதையை லிஸ்ட்வியூவின் இரண்டாவது பத்தியில் வைத்திருக்கிறேன். இந்தக் காட்சியில் முதல் பத்தி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், இரண்டு தட்டு விழுந்ததும் மறைந்திருக்கும் பாதையை எடுத்து ரன் செய்துவிடலாம். அப்புறம் ஸ்கிரிப்டின் ஷார்ட்கட்டை ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டுவிட்டேன், கணினி திறந்ததும் பலகை தானாக வந்து நிற்கிறது. இப்போது ராத்தாவின் அடுத்த கோரிக்கை, பச்சைப் பெட்டி முதல் வரிசையில் முதலாவதாக இருக்கணுமாம்.