கையடக்கப் பெட்டியும் செட்டிநாட்டு மின்சாரமும்

காரைக்குடியில் மைக் செட் வைத்துத் தொழில் செய்யும் எனக்கு, ஆண்டில் பாதி நாள் கோயில் திருவிழா மேடைகளிலும் மணிவிழா வீடுகளிலும் கழிகிறது. மீதி நாள்களில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று பழைய வீடுகளுக்குப் போய், ஆச்சிமார் பாடும் தாலாட்டுகளை ஒலிப்பதிவு செய்து தருகிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள். இரண்டு வேலைக்கும் தனித்தனிக் கருவி வாங்கக் கையில் காசு இல்லாததால், பைக்குள் அடங்கும் ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸை வைத்து இரண்டையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு முறை அவமானப்பட வேண்டியிருந்தது.

மைக்கில் விழும் ஓசையை எண்களாக்கி லேப்டாப்புக்குள் அனுப்புவதும், லேப்டாப்பில் இருப்பதை மீண்டும் ஓசையாக்கி வெளியே தருவதும்தான் அந்தப் பெட்டியின் வேலை. நான் முதலில் வாங்கியதில் இரண்டு இன்புட், இரண்டு அவுட்புட். வாங்கும்போது ஒலியின் தரத்தை மட்டுமே விசாரித்தேன். இப்போது என்னிடம் யோசனை கேட்டு வரும் இளைஞர்களும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இன்றைக்குக் கிடைக்கும் 24 பிட் பெட்டிகளில் ஓரளவு நல்லவை எல்லாமே போதுமான அளவு சுத்தமானவை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, மைக்கை ஒரு சாண் தள்ளி வைப்பதால் வரும் வித்தியாசம் பெரிது.

முதல் அவமானம் ஒரு திருவிழா மேடையில் நேர்ந்தது. இன்னிசைக் கச்சேரிகளில் ஆர்கெஸ்ட்ராவில் இல்லாத வாத்தியங்களை டிராக்காக லேப்டாப்பிலிருந்து ஓடவிடுவோம். அதோடு தாளம் தவறாமல் சேர்ந்து வாசிப்பதற்காக டிரம்ஸ்காரர் காதுக்கு மட்டும் ‘கிளிக்’ ஒன்று போக வேண்டும். இரண்டு அவுட்புட் மட்டும் இருந்தால் இடது பக்கம் டிராக், வலது பக்கம் கிளிக் என்று பிரித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அன்றைக்கு என் உதவியாளன், “அண்ணே, ஒரு பக்கம்தான் சத்தம் வருது” என்று நல்ல எண்ணத்தோடு இரண்டு ஒயரையும் மிக்சரில் சேர்த்துச் செருகிவிட்டான். அம்மன் பாட்டோடு ‘டிக், டிக், டிக்’ என்ற சத்தமும் தெருக்கோடி வரை கட்டியிருந்த குழாய்களில் எல்லாம் முழங்கியது. விழாக் கமிட்டிப் பெரியவர் மேடை ஓரமாக வந்து, “என்னப்பா, கடிகாரத்தையா கட்டித் தொங்கவிட்டிருக்கே?” என்று கேட்டார். மேடைக்கு எடுத்துப்போகும் பெட்டியில் இன்புட் குறைந்தாலும் பரவாயில்லை, நான்கு அவுட்புட் இருந்தே ஆக வேண்டும் என்று அன்றிரவே முடிவு செய்தேன். அவையும் பேலன்ஸ்டு அவுட்புட்டாக, அதாவது நீண்ட ஒயரில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் வகையாக, இருக்க வேண்டும்; மேடையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி இருக்கும் மிக்சருக்கு அந்த வசதி இல்லாத ஆர்சிஏ ஒயர் இழுத்தால், வழியில் ஓடும் சீரியல் லைட் ஒயர்களின் உறுமலையெல்லாம் அது வாரிக்கொண்டு வரும்.

இரண்டாவது அவமானத்தை என்னால் அவ்வளவு லேசாகச் சிரித்துவிட முடியவில்லை. வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடம், வைத்த பழைய வீடு ஒன்றில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறுங்காலோடு நின்று, எண்பது வயது ஆச்சி ஒருவர் பாடத் தொடங்கினார். முதல் வரி முடிவதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு, “தம்பி, இந்த மைக்கு கடிக்குதுப்பா” என்றார். உதட்டில் சுருக்கென்று ஏறியிருக்கிறது. பழைய வயரிங் உள்ள வீடுகள் பலவற்றில் பிளக் பாயின்டின் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கிறது, எர்த் கிடையாது. லேப்டாப் சார்ஜரில் கசியும் சிறு மின்னோட்டம் பூமிக்குப் போக வழியில்லாமல், யுஎஸ்பி ஒயரின் உறை, பெட்டியின் தகரம், மைக் ஒயரின் உறை என்று தாவித் தாவி மைக்கின் வலைவரை வந்து நிற்கிறது. உயிருக்கு ஆபத்தான அளவு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை ஆச்சியிடம் எந்த முகத்தோடு சொல்வது? சார்ஜரைப் பிடுங்கினேன். கடியும் நின்றது, ஹெட்ஃபோனில் அதுவரை உர்ரென்று கேட்டுக்கொண்டிருந்த உறுமலும் நின்றது.

அதன் பிறகு அடாப்டர் தேவைப்படும் பெட்டிகளை, எட்டு இன்புட் கொண்டவையாக இருந்தாலும், பார்ப்பதையே விட்டுவிட்டேன். சுவர் பிளக்கை நாடாமல், லேப்டாப் பேட்டரியிலிருந்து யுஎஸ்பி ஒயர் வழியாகவே பெட்டி மின்சாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். அதற்குள்தான் பெட்டியும் ஓட வேண்டும், வேலை செய்யவே மின்சாரம் கேட்கும் கண்டென்சர் மைக்குகளுக்கு 48 வோல்ட்டும் போக வேண்டும். ஆகவே கடையில் சோதிக்கும்போது இரண்டு கண்டென்சர் மைக்கையும் மாட்டி, ஹெட்ஃபோனைச் சத்தமாக வைத்து, கொரகொரப்பு வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

மைக்கில் விழுந்த ஓசை லேப்டாப்பைச் சுற்றிக் காதுக்கு வர ஆகும் லேட்டன்சி எனப்படும் தாமதத்தைப் பற்றி அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறார்கள். ஓசை காற்றில் ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். பத்து மில்லி விநாடித் தாமதம் என்பது மிருதங்கக்காரர் தம்முடைய வாசிப்பைப் பதினோரு அடி தள்ளி இருந்து கேட்பதுபோலத்தான். தாலாட்டுக்கு அது பொருட்டே இல்லை. மிருதங்கக்காரருக்கு அது உறுத்தத்தான் செய்யும், ஆனால் லேப்டாப்பைச் சுற்றிவராமல் நேராகக் காதுக்கு வரும் டைரக்ட் மானிட்டர் அதைத் தீர்த்துவிடுகிறது. வீணைக்காரர்களுக்கு வேறொன்றைப் பார்க்க வேண்டும்: வாத்தியத்தின் மேல் ஒட்டி அதிர்வை எடுக்கும் பீசோ காண்டாக்ட் மைக்கைச் சாதாரண மைக் இன்புட்டில் நேராகச் செருகினால் நாதம் மெலிந்து தகரம்போல ஒலிக்கும், சுமார் பத்து லட்சம் ஓம் தடை உள்ள இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் அதற்கு வேண்டும்.

கடைசியில் மோட்டு (MOTU) எம்4 என்ற பெட்டியை வாங்கினேன். இரண்டு மைக், பின்பக்கம் இரண்டு லைன் இன்புட், நான்கு பேலன்ஸ்டு அவுட்புட். முகப்பில் உள்ள சிறு திரையில் ஒலியின் அளவு ஏறி இறங்குவதை இருட்டு மேடையிலும் பார்க்க முடிகிறது. குறை இல்லாமல் இல்லை. ஹெட்ஃபோன் துளை ஒன்றே ஒன்றுதான். யுஎஸ்பி சி ஒயரில் யாராவது கால் இடறினால் கச்சேரி முடிந்தது, ஆகையால் ஒயரை மேசைக் காலோடு இழுத்துக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை.

வீட்டு ஒலிப்பதிவில் இன்னும் என்னைப் படுத்துவது வீடுதான். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பைக் கண்ணாடிபோல மெருகேற்றிய சுவர்களும் கல் பாவிய தரையும் ஒவ்வொரு சொல்லையும் திருப்பி அடிக்கின்றன. திறந்த முற்றத்தில் காக்கையும் புறாவும் வேறு. பாயும் தலையணையும் மெத்தையும் அடுக்கிய உள்ளறையில் ஆச்சியை உட்காரவைத்து, மைக் ஒயரை மட்டும் நீளமாக இழுத்து, லேப்டாப்பையும் பெட்டியையும் வெளியே வைத்துக்கொள்கிறேன். யுஎஸ்பி ஒயர் ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது, மைக் ஒயருக்கு அந்தக் கவலை இல்லை.

அப்படியும் மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தமும் போகவில்லை. இப்போது நான் ஒலிப்பதிவுக்கு நாள் குறிப்பது, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை என்று அறிவிப்பு வரும் நாளைப் பார்த்துத்தான். அன்றைக்கு ஊரில் கிரைண்டர் ஓடாது, மோட்டார் ஓடாது. லேப்டாப் பேட்டரியில் பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆச்சிக்கு மட்டும் ஒரு பனையோலை விசிறி கொடுத்திருக்கிறேன். அதைப் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் வீச வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.