சட்டமானவை: 0

“அவர் அன்னைக்கு வாபஸ் வாங்கியிருந்தா இந்தச் சட்டமே வந்திருக்காதுல்ல, அண்ணே?”

பக்கம் முடிக்கிற அவசரத்தில் “அப்படியெல்லாம் இல்லம்மா, எப்படியும் வந்திருக்கும்” என்று சொன்னேன். சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதை அவ்வளவு வேகமாகச் சொல்லும் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் பிடிபடவில்லை. கேட்டவர் எங்கள் நாளிதழின் லே-அவுட் பிரிவில் வேலை பார்க்கும் திருநங்கை. அவர் கேட்டது 2019-ன் திருநர் சட்டத்தைப் பற்றி. வாபஸ் வாங்காதவர், 2015-ல் மாநிலங்களவையில் திருநர்களுக்காகத் தனி மசோதா கொண்டுவந்த தி.மு.க.வின் திருச்சி சிவா. நான் அந்தச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவன். அவரோ அந்தச் சட்டப்படி கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு போக வேண்டியவர்.

2020 மார்ச். தமிழ்நாட்டிலிருந்து ஆறு பேர் மாநிலங்களவைக்குப் போட்டியின்றித் தேர்வான நேரம். திருச்சி சிவா மறுபடியும் போகிறார், நம்மூர்க்காரர் என்பதால் எங்கள் பதிப்பில் அரைப் பக்கம். படத்துக்குக் கீழே வழக்கமான கட்டம்: வருகை, கேட்ட கேள்விகள், பங்கேற்ற விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள். கடைசி வரி, ‘சட்டமானவை: 0’. எண்களை எடுத்துக் கொடுத்தது நான், கட்டம் கட்டியது அவர். எண்கள் பளிச்சென்று தெரியட்டும் என்று எல்லாவற்றையும் போல்டில் வைத்திருந்தார். மற்ற எண்கள் எல்லாம் நிறைந்து நிற்க, அந்தச் சைபர் மட்டும் தனியாகக் கண்ணில் பட்டது.

“இவர்தானே எங்களுக்காக மசோதா கொண்டாந்தவரு? அப்புறம் ஏன் சைபர்?”

இங்கிருந்துதான் பேச்சு ஆரம்பித்தது. மேல்சபையில் ஜெயித்தது, கீழ்ச்சபையில் நின்றுவிட்டது, அதனால் சட்டமாகவில்லை என்று சுருக்கமாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். எங்கள் ஆட்கள் சிலர் 2019 சட்டத்துக்கு இவரைத்தான் திட்டுகிறார்கள், இவர் ஆரம்பித்து வைத்ததுதானே என்கிறார்கள் என்றார். அதற்கடுத்துத்தான் அந்தக் கேள்வி.

அதை ஏதோ விவரம் தெரியாத கேள்வி என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. நாடாளுமன்றம் எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் புரியும். அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். அதற்கென்று ஒதுக்கியிருப்பது வெள்ளிக்கிழமை பிற்பகல். அந்த நேரத்துக்குப் பாதி அவை ஊருக்குக் கிளம்பியிருக்கும். பெரும்பாலான மசோதாக்கள் அறிமுகத்தோடு சரி, விவாதத்துக்கே வராது. விவாதத்துக்கு வந்தாலும் முடிவு தெரிந்ததுதான்: அமைச்சர் எழுந்து உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டுவார், அரசே இதைக் கவனித்து வருகிறது, ஆகவே வாபஸ் பெற்றுக்கொள்ளுங்கள் என்பார். உறுப்பினரும் நன்றி சொல்லி வாபஸ் வாங்கிவிடுவார். 1952 முதல் இன்றுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல்.

2015 ஏப்ரல் 24-ம் ஒரு வெள்ளிக்கிழமைதான். திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் விவாதத்துக்கு வந்தது. சமூக நீதி அமைச்சர் தாவர்சந்த் கெலாட் வழக்கம்போல் வாபஸ் வாங்கச் சொல்லிக் கேட்டார். சிவா மறுத்துவிட்டார், வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்றார். இப்படி ஒரு விஷயத்தில் அவை இரண்டாகப் பிரிந்து நிற்கக் கூடாது என்று அவை முன்னவர் அருண் ஜேட்லி எழுந்து சொல்ல, குரல் வாக்கெடுப்பில் மசோதா எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அன்று இரவு டெஸ்க்கில் அந்தச் செய்தியைத் தலைப்பிட்டு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். தேசிய, மாநில ஆணையங்கள், தனி நீதிமன்றங்கள், அரசுக் கல்வி நிறுவனங்களிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு என்று அந்த மசோதாவில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தபோது இருந்த சந்தோஷம் நன்றாக நினைவிருக்கிறது. செய்தியாளன் சந்தோஷப்படலாமா என்று யாராவது கேட்டால், அன்றைக்குப் படலாம் என்றுதான் சொல்வேன்.

பிறகு நடந்தவற்றை எல்லோரும் அறிவோம். மக்களவையில் பிஜு ஜனதா தள உறுப்பினர் பைஜயந்த் பாண்டா அந்த மசோதாவைக் கையில் எடுத்தார், ஆனால் அங்கே அது வாக்கெடுப்புவரை போகவே இல்லை. 2016 ஆகஸ்டில் அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்தது. முழுப் பெண்ணும் இல்லை, முழு ஆணும் இல்லை என்கிற மாதிரியான வரையறை. ஒருவர் திருநர்தானா என்று முடிவு செய்ய மருத்துவ அதிகாரி உட்கார்ந்த மாவட்டக் குழு. இடஒதுக்கீடு இல்லை. நாடெங்கும் திருநர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே மசோதா திருத்தங்களோடு 2018 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியது, மேலவையில் நிறைவேறும் முன்பே காலாவதியானது. 2019-ல் மக்களவை கலைந்தபோது, அங்கே கிடந்த சிவாவின் மசோதாவும் சேர்ந்தே போனது. மேலவையில் நிறைவேறிவிட்டாலும் மக்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதாவுக்கு அதுதான் கதி.

அரசு மறுபடியும் மசோதாவோடு வந்தது 2019 ஜூலையில். திருநர்களைப் பிச்சை எடுக்கத் தூண்டுவதைக் குற்றமாக்கிய பிரிவும் மாவட்டக் குழுவும் போய்விட்டன. அது போராடியவர்களின் சாதனை. மக்களவை இதை நிறைவேற்றிய நாள் ஆகஸ்ட் 5. மாநிலங்களவையில் காஷ்மீரின் 370-வது பிரிவு விவகாரம் நடந்துகொண்டிருந்த அதே நாள். மறுநாள் எந்தப் பத்திரிகையில் இதற்கு முதல் பக்கத்தில் இடம் இருந்திருக்கும்? நவம்பர் 26-ல் மாநிலங்களவைக்கு வந்தபோது, மசோதாவை விரிவாக ஆராயும் தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் அதே சிவா. தோற்றது. மசோதா சட்டமானது. திருநர் என்ற சான்றிதழ் மாவட்ட ஆட்சியரிடம் வாங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆண் என்றோ பெண் என்றோ பதிவு செய்ய அறுவை சிகிச்சைக்கான மருத்துவச் சான்றும் வேண்டும் என்றது. திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. ஒரு பெண்ணுக்கு நடந்த வன்புணர்வு என்றால் குறைந்தபட்ச தண்டனையே 10 ஆண்டு.

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தத் தங்கையின் கேள்வியில் ஒரு கணக்கு இருக்கிறது. சிவா வாபஸ் வாங்கியிருந்தால் அரசுக்கு நெருக்கடியே வந்திருக்காது. நெருக்கடி வந்ததால் அரசு தன் கையாலேயே ஒன்றை எழுதியது, எழுதியது கெடுதலாய்ப் போனது. நல்லது செய்யப் போனவர் கெட்டதற்கு வழி திறந்துவிட்டாரா?

என் பதிலுக்கு என்னிடம் இருந்த ஆதாரம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கின் தீர்ப்பு. 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து, அவர்களைச் சமூக, கல்வி நிலையில் பின்தங்கியவர்களாகக் கருதி இடஒதுக்கீடு தர மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. சிவாவின் மசோதாவே அதற்குப் பிறகு வந்ததுதான். தீர்ப்பு இருக்கும்போது அரசு ஏதோ ஒரு சட்டத்தை என்றாவது கொண்டுவந்துதான் தீரும். அப்படி வரும்போது, இதைவிட மேலான ஒன்றை நாட்டின் ஓர் அவை ஏற்கெனவே ஒருமனதாக ஏற்றிருக்கிறதே என்று காட்ட ஓர் ஆவணம் இல்லாமல் போயிருக்கும். 2016 மசோதாவை எதிர்த்தவர்கள் பலரும் எடுத்துக் காட்டியது சிவாவின் மசோதாவைத்தான். இந்த வாதம் வலுவானது என்று இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் நீதிமன்றம் சொன்னதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்க அரசுகளுக்குத் தெரியும். நால்சா சொன்ன இடஒதுக்கீட்டையே சட்டத்தில் சேர்க்காமல் விட்டவர்கள்தானே? அப்படியிருக்க ‘எப்படியும் வந்திருக்கும்’ என்பது எவ்வளவு தூரம் நிற்கும்? எடுத்துக் காட்ட ஓர் ஆவணம் இருப்பது, எழுதுகிற எனக்குப் பெரிய விஷயம். சான்றிதழுக்காக வரிசையில் நிற்பவருக்கு அதே அளவு பெரிய விஷயமா?

அன்று இரவு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டத்தின் கீழே ஒரு வரி சேர்க்கலாம் என்று செய்தி ஆசிரியரிடம் கேட்டேன்: ‘2015-ல் மாநிலங்களவையில் நிறைவேறிய திருநர் உரிமை மசோதா மக்களவையில் காலாவதியானது.’ அவர் படித்துப் பார்த்தார்.

“தகவல் சரிதான் சார். ஆனா ஒருத்தருக்கு மட்டும் அடிக்குறிப்பு போட்டா நாளைக்கு எல்லாக் கட்சியிலேர்ந்தும் போன் வரும். கட்டுரையில இருக்குல்ல, அது போதும்.”

சரி என்றேன். கட்டுரையில் அது இருந்ததும் உண்மை, நாலாவது பத்தியில். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆளுக்கொரு விதி வைத்துக் கட்டம் போட்டால் அந்தக் கட்டத்தை யார் நம்புவார்கள்? ஆனால் 1970-க்குப் பிறகு யாருக்குமே பூஜ்யத்தைத் தவிர வேறெதுவும் வர முடியாத ஒரு வரியை வைத்துக்கொண்டு ஓர் உறுப்பினரை அளக்கிறோம் என்கிறோம். அந்தச் சைபர் அவரைப் பற்றிச் சொல்வதைவிட, அவர் போய் உட்காரும் அவையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. வாசகருக்கு அது எப்படித் தெரியும்? வாசகர்கள் முதலில் பார்ப்பது கட்டத்தைத்தான், கட்டுரையை முழுக்கப் படிப்பவர்கள் குறைவு. இது எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த ஆறே மாதத்தில் இந்த யோசனையெல்லாம் வேறு பக்கம் திரும்பியது. 2020 செப்டம்பர் 20, வேளாண் மசோதாக்கள். தெரிவுக் குழுவுக்கு அனுப்பும்படி தீர்மானம் கொடுத்தவர்களில் சிவாவும் ஒருவர். குரல் வாக்கெடுப்பு போதாது, எண்ணி வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்டார். ஒருவர் கேட்டாலும் நடத்த வேண்டும் என்பது மரபு. நடத்தவில்லை. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று அவைத் துணைத் தலைவர் தரப்பு காரணம் சொன்னது. சிவா இருக்கையில்தான் இருந்தார் என்பது மாநிலங்களவைத் தொலைக்காட்சிப் பதிவிலேயே தெரிந்தது. கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. ஓராண்டு கழித்து, டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்த விவசாயிகள்தான் அவற்றைத் திரும்பப் பெற வைத்தார்கள். அவையால் முடியவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 2015-ல் அந்த மனிதர் செய்தது என்ன என்பது எனக்கு இன்னும் தெளிவானது. வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்டார், அவ்வளவுதான். ஒரு முறை அவை இறங்கி வந்தது. இன்னொரு முறை கேட்டது காதில் விழாத மாதிரி நடந்துகொண்டது. இரண்டு முறையும் அவர் பக்கத்தில் மாறியது எதுவும் இல்லை. எங்கள் கட்டத்தில் இதற்கு எந்த வரியும் கிடையாது. அப்படி ஒரு வரியை எப்படி எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். வாக்கெடுப்பு கேட்ட முறைகள்? வாபஸ் வாங்க மறுத்தவை? சரியாக வரவில்லை. இதில் எதைப் போட்டாலும் அவரைப் புகழப் போட்டது மாதிரி ஆகிவிடும், செய்தி ஆசிரியர் அடித்துவிடுவார். அவர் அடிப்பதும் நியாயமாகவே இருக்கும்.

அந்தத் தங்கையும் நானும் இதைப் பற்றி அப்புறமும் பேசியிருக்கிறோம். அவர் குரூப் ஃபோர் எழுதியவர். கொஞ்சத்தில் தவறியது. “அந்த ரெண்டு சதவீதம் இருந்திருந்தா நான் இந்நேரம் ஏதாவது ஒரு தாலுகா ஆபீஸ்ல இருப்பேன்” என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னார். அப்படியானால் சிவா அன்றைக்கு வாபஸ் வாங்காமல் நின்றது நல்லதுதானே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆமாமை என் வாதத்துக்குச் சாட்சியாக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரும் வாபஸ் பற்றி மறுபடி கேட்கவில்லை. அந்த ரெண்டு சதவீதத்தை இனிமேல் யாராவது கொண்டுவர முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியும், எந்த உறுப்பினரும் ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.