சனிக்கிழமை காலைகள்

ரொம்ப நாளாக வார இறுதி என்றால் எனக்கு மிச்ச வேலைகளை முடிக்கும் நாள்தான். திங்கட்கிழமை எழும்போது வெள்ளிக்கிழமையை விடக் களைப்பாக இருக்கும். இப்போது 3 மாதமாகச் சனிக்கிழமை மதியம் வரை எந்த வேலையையும் ஒப்புக்கொள்வதில்லை. அலுவலகக் குழுவின் அறிவிப்புகளை வெள்ளி இரவே அணைத்துவிடுகிறேன்.

தூக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பு வாரம் முழுக்க 5 மணி நேரம் தூங்கிவிட்டு, ஞாயிறன்று 11 மணி வரை படுத்திருப்பேன். அன்று இரவு தூக்கமே வராது. உடம்பின் உள்கடிகாரம் முக்கியமாகக் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பல மணி நேரம் தள்ளி எழுந்தால், தூர தேசத்துக்கு விமானத்தில் போய்வந்ததுபோல அது தடுமாறும். பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரே நாளில் அந்தக் கடனை அடைக்க முடியாது. அதனால் வார நாட்களிலேயே சீக்கிரம் படுக்கிறேன். ஞாயிறன்று ஒரு மணி நேரம் மட்டும் கூடுதல், வேண்டுமானால் மதியம் 20 நிமிடக் குட்டித் தூக்கம். சரியாகிவிட்டது.

அப்புறம் நடை, காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல். போன வாரம் பாதி வழியில் ஒரு பழைய தோழியின் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம்.