மாடி டிபில ஒரு விரல் நீள பச்சை வயர்

எங்க மாடி போர்ஷன்ல குடியிருக்கற அக்கா வாஷிங் மெஷினை தொட்டா சுள்ளுனு இருக்குன்னு சொன்னப்ப ஈரக்கையோட தொட்டிருப்பாங்கன்னு தான் முதல்ல நெனச்சேன், ஆனா ரெண்டாவது தடவை அவங்க சின்னப் பையன் கையை உதறிட்டு அழுதான்னு கேட்டதும் மனசு கேக்கல. அன்னைக்கே கீழ மெயின் டிபில (வீட்டு கரண்ட் பிரியற பெட்டி) 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா சப்ளையை வெட்டுற சுவிட்ச்) ஒண்ணு மாட்டச் சொன்னேன். மாட்டின அரை மணி நேரத்துல ட்ரிப். தூக்கி விட்டா திரும்பவும் ட்ரிப்.

மாட்டின எலக்ட்ரீஷியன் பீஸ் சரியில்லைன்னு வேற ஒண்ணு போட்டார், அதுவும் நிக்கல. "எடுத்துட்டு நேரா குடுத்துரலாம் சார், நிறைய வீட்ல அப்படித்தான் ஓடுது"ன்னுட்டார். எனக்கு ஒப்பல. மாடில இருக்கற எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினா விழற சுவிட்ச்) அத்தனையும் இறக்கி விட்ட பிறகும், கீழ தண்ணி மோட்டார் போட்டா ட்ரிப் ஆயிட்டிருந்துச்சு, அதுதான் உறுத்திட்டே இருந்துச்சு.

அப்பாவுக்குப் பழக்கமான வயசான வயர்மேன் ஒருத்தரை கூப்பிட்டோம். அவர் கீழ டிபி பக்கமே போகல. "தம்பி, மாடி டிபியை யாராச்சும் தொறந்து பாத்தீங்களா?"ன்னார். மெயினை ஆஃப் பண்ணி கவரை கழட்டினா உள்ள ரெண்டு பித்தளை லிங்க் (வயர்களை சேத்து திருகற பட்டை), ஒண்ணுல கருப்பு வயரா நியூட்ரல், இன்னொண்ணுல பச்சை வயரா எர்த்து, ரெண்டையும் சேத்து ஒரு விரல் நீளத்துக்கு பச்சை வயர் துண்டு, ரெண்டு பக்கமும் நல்லா திருகி இறுக்கியிருக்கு. மேல சிமெண்ட் தூசி படிஞ்சிருந்துச்சு, மாடி கட்டினப்பவே போட்டிருக்காங்க. அது பத்தாதுன்னு கீழ இருந்து வர்ற நியூட்ரல் திருகு லூசாகி வயர் தோல் கருகிப் போயிருந்துச்சு.

அவர் சொன்னப்பதான் எல்லாம் புரிஞ்சுது. ஆர்சிசிபி பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், பேஸ்ல போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரல்ல திரும்பி வருதா. மாடில நியூட்ரலும் எர்த்தும் சேந்து கிடந்தா திரும்பற கரண்ட்ல கொஞ்சம் எர்த்து வயர் வழியா எர்த்து குழிக்கு (மண்ணுல எர்த்து பொதைச்ச இடம்) போயிடும், கணக்கு இடிக்கும், விழுந்துடும். எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டுது, நியூட்ரல் அப்படியே இருக்கு, அதனாலதான் மாடில எல்லாத்தையும் இறக்கினாலும் கீழ ஓடுற மோட்டாரோட கரண்ட் கூட மாடி வரைக்கும் சுத்தி அந்த துண்டு வழியா மண்ணுக்கு போயிருக்கு.

இதுல என்னை பயப்பட வச்சது அந்த லூஸ் திருகுதான். நியூட்ரல் முழுசா விட்டுப் போயிருந்தா மாடியோட லோடு மொத்தமும் எர்த்து வயர்ல ஏறிடும். ஒரு 2000 வாட் கீசரோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 26 ஓம், கோடைல எர்த்து குழி காஞ்சு 20 ஓம் ஆயிருச்சுன்னு வைங்க, அந்த எர்த்துல சேந்திருக்கற எல்லா இரும்பு பாடிலயும் கிட்டத்தட்ட 100 வோல்ட் நிக்கும். மாடில கீசர் போட்டா கீழ அம்மா தொடற ஃபிரிட்ஜ்லயும் அதே வோல்ட். அக்கா மெஷின்ல சுள்ளுனு இருந்ததும் இதோட சின்ன அளவுதான்.

எம்சிபி இருக்கே காப்பாத்தாதான்னு கேக்கலாம். நம்ம குழி நல்லா 5 ஓம்லயே இருக்குன்னு வச்சாலும் பாடில பேஸ் பட்டா போற கரண்ட் 46 ஆம்புக்கு மேல வராது. 32 ஆம்ப் சி டைப் எம்சிபி உடனே விழணும்னா 160 ஆம்புக்கு மேல வேணும். அதனால நம்ம ஊர்ல இந்த வேலைக்கு ஆர்சிசிபிதான், அதை பைபாஸ் பண்ணச் சொல்றவங்க பேச்சை தயவுசெஞ்சு கேக்காதீங்க.

இன்னொண்ணு, யூடியூப்ல அமெரிக்கா வீடியோ பாத்துட்டு மெயின் பாக்ஸ்ல ரெண்டையும் ஒண்ணா சேக்கலாம்னு சிலர் நெனைக்கறாங்க. அங்க சப்ளை உள்ள வர்ற அந்த ஒரு இடத்துல சேக்கற முறை, அவங்களே சப் பேனல்ல பிரிச்சுதான் வைக்கறாங்க. நம்ம வீடுகள்ல ஈபி டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட நியூட்ரலை எர்த்து பண்ணிடறாங்க, வீட்டுக்கு நாம தனியா குழி போடறோம். அதனால மெயின் டிபியோ மாடி டிபியோ, வீட்டுக்குள்ள எங்கயும் ரெண்டும் தொடக்கூடாது.

செக் பண்றதும் லேசுதான், ஆனா லைசென்ஸ் இருக்கற வயர்மேனை வச்சே பண்ணுங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு, ப்ளக் எல்லாம் உருவிட்டு, மாடி டிபிக்கு வர்ற நியூட்ரலை கழட்டி தனியா விட்டுட்டு, நியூட்ரல் லிங்குக்கும் எர்த்து லிங்குக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைக்கணும், பீப் வரவே கூடாது. வர்ற நியூட்ரலை கழட்டாம பாத்தா மண்ணு வழியா சுத்தி ஏதாவது காட்டும், குழப்பிக்காதீங்க. எங்க வீட்ல அந்த துண்டை எடுத்த பிறகும் பீப் வந்துச்சு, நியூட்ரல் ஒவ்வொண்ணா கழட்டினதுல பாத்ரூம் கீசர் பாயிண்ட்ல கருப்பையும் பச்சையையும் ஒண்ணா சேத்து போட்டிருந்தது மாட்டுச்சு.

கருகின முனையை வெட்டி லக் (வயர் முனைல மாட்டற உலோகத் துண்டு) போட்டு இறுக்கினார், கீசர் பாயிண்டை சரி பண்ணினார். ஆர்சிசிபி தூக்கி விட்டோம், கீசர், மோட்டார், மிக்ஸி எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டும் விழல. எர்த்து வயர்ல க்ளாம்ப் மீட்டரை (வயரை கழட்டாம கரண்ட் காட்டுற மீட்டர்) போட்டாலும் சைபர்தான். டெஸ்ட் பட்டனை அமுக்கினா மட்டும் டக்குனு விழுந்துச்சு. அக்கா பையனை கூட்டிட்டு வந்து அவங்களே மெஷின் மேல கை வச்சு பாத்தாங்க. எர்த்து குழிக்கு இப்ப செடிக்கு ஊத்தும்போதே ஒரு குடம் தண்ணி அம்மா ஊத்திடறாங்க.